உயரத்தில் ஒரு கல்லறை

எருசலேம்,
வாற்கோதுமை அறுப்பு மாதம், ஆறாம் நாள்

என் தங்கை அத்தாராளுக்கு அண்ணன் ஓரேன் எழுதுவது. உனக்கும் உன் இரண்டு பெண்களுக்கும் சமாதானம்.

நீ அனுப்பிய அத்திப்பழ அடை வந்து சேர்ந்தது. பாதியைக் கழுதைக்கார ஹூர் வழியிலேயே தின்றுவிட்டான். மீதியைத்தான் நான் தின்றேன். அது போகட்டும், இப்போது சேதியைக் கேள். உன் அண்ணன் தலைமைக் கல்தச்சன் ஆகிவிட்டான்! என் கைக்குக் கீழே நாற்பது பேர். வேலை யாருடையது என்று நினைக்கிறாய்? அரண்மனை விசாரிப்புக்காரர் மல்கியேல் பிரபுவுடையது. ராஜாவுக்கு அடுத்தபடி இந்த ஊரில் அவர்தான். அரண்மனைச் சாவியைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் தேரில் போனால் சந்தையே எழுந்து நிற்கும்.

நகரத்துக்கு எதிரே, பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் இருக்கிற செங்குத்துப் பாறையில் அவருக்குக் கல்லறை குடைகிறோம். ஆளுக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை, கல் மாதிரி இருக்கிறார். ஆனாலும் இப்போதே வேண்டுமாம். "செத்த பிறகும் நான்தான்யா எல்லாரையும் மேல இருந்து பாக்கணும். ராஜாக்கள் படுத்திருக்கிற இடத்தை விட ஒரு முழமாவது உசரமா இருக்கட்டும்" என்றார். வாசலுக்கு மேலே அவர் பெயரை முழங்கை நீள எழுத்தில் நான் வெட்டப்போகிறேன்.

இங்கே ஒரு தொல்லையும் உண்டு. பெலாயா என்று ஒரு தீர்க்கதரிசி. ஆட்டுமயிர்ப் போர்வையும் வெறுங்காலுமாகத் தினமும் காலையில் சாரத்துக்குக் கீழே வந்து நின்று கத்துகிறார். "மல்கியேலே! அடுத்தவன் நிலத்தை விழுங்கிட்டுப் பாறையில படுக்கை போடறியா? நெட்டையா நிக்கிறதையெல்லாம் கர்த்தர் தரையோட தரையா ஆக்கற நாள் வருது! இந்தக் குகையில உன் எலும்பு ஒரு நாளும் படுக்காது!" நான் மேலே இருந்து, "ஐயா, தள்ளி நில்லுங்க, தூசி விழும்" என்றேன். "தூசி விழட்டும்யா. அவனே விழப்போறான்" என்றார். நாற்பது பேரும் சிரித்தோம்.

பிரபு என் ஊரைக்கூட விசாரித்தார். பெத்சோரேக் என்றேன். "ஊற்றடியில ஒரு திராட்சைத் தோட்டம் இருக்காமே?" என்றார். "நம்மளதுதான் பிரபு" என்றேன். இவ்வளவு பெரிய மனிதருக்கு நம் தோட்டம் தெரிந்திருக்கிறது, பார்த்தாயா!

ஓரேன்

*

பெத்சோரேக்,
கோதுமை அறுப்பு மாதம், இரண்டாம் நாள்

அண்ணனுக்கு, அத்தாராள். சமாதானம்.

உன் கடிதத்தை என் பெண்களுக்கு வாசித்துக் காட்டினேன். பெரியவள், "மாமா எதுக்கும்மா இவ்வளவு குதிக்கிறார்?" என்றாள்.

உன் பிரபுவின் பெருமையை நீ அங்கே பாறையில் வெட்டுகிறாய். நாங்கள் இங்கே தினமும் அதை அனுபவிக்கிறோம். நம் தோட்டத்துக்கு மேற்கே யாமீனின் நிலம் போன மாதம் அவன் கைக்குப் போயிற்று. கிழக்கே சோபாவின் ஒலிவத்தோப்பும் போயிற்று. எப்படியப்பா கொடுத்தீர்கள் என்று கேட்டால் இரண்டு பேரும் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறார்கள். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போகிறார்கள். குடி முழுகிப்போன யாமீனின் காலில் புதுச் செருப்பு மட்டும் பளபளக்கிறது. நடுவில் மிச்சம் நிற்பது நம் தோட்டம் ஒன்றுதான். கோடைக்கு மாளிகை கட்டப்போகிறானாம் உன் பிரபு. ஊற்றுத் தண்ணீர் வேண்டுமாம்.

அண்ணா, உனக்கு உளி இருக்கிறது, எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வாய். எனக்கு என்ன இருக்கிறது? புருஷனை மண்ணில் வைத்துவிட்டு இரண்டு பெண்களோடு அப்பா வீட்டுக்குத் திரும்பியவள் நான். அந்தத் தோட்டம்தான் எங்களுக்குச் சோறு. அப்பாவும் அம்மாவும் படுத்திருப்பதும் அதன் மூலையில் இருக்கிற குகையில்தான். தோட்டம் உன் பேரில் இருக்கிறது. நீ ஒரு வார்த்தை தவறினால் நாங்கள் தெருவில் நிற்போம்.

அந்தத் தீர்க்கதரிசியைப் பார்த்துச் சிரித்தாயே, வெட்கமாக இல்லையா? அவர் சொல்வதை இங்கே வந்து சொல்லியிருந்தால் ஊரே காலில் விழுந்திருக்கும்.

அத்தாராள்

*

எருசலேம்,
திராட்சைக்கொடி கழிக்கும் மாதம், பதினாறாம் நாள்

தங்கைக்கு, ஓரேன்.

உன் கடிதத்துக்கு ஒரு மாதத்துக்கு மேல் பதில் எழுதவில்லை. வேண்டுமென்றுதான் எழுதவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவன் தலை நிமிர்ந்து நின்றால், கூடப் பிறந்தவளுக்கே பொறுக்கவில்லை. பெரிய மனிதர்கள் நிலம் வாங்குவார்கள், இல்லாதவர்கள் விற்பார்கள். அதற்கு நான் என்ன செய்ய?

ஆனால் நேற்று நடந்ததை உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பிரபு தன் வீட்டு மத்தியான விருந்துக்கு என்னைக் கூப்பிட்டார். என்னை, அத்தாராள்! தந்தம் பதித்த கட்டில்கள், கொழுத்த கன்றுக்குட்டிக் கறி, யாழ் வாசிக்கிறவர்கள். பெரிய மனிதர்கள் பத்துப் பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். என் செருப்பைப் பார்த்ததும் பிரபுவுக்கு மனசு கேட்கவில்லை.

"என்னய்யா ஓரேன், என் கல்லறையைக் கட்டறவன் இந்தப் பிய்ஞ்ச செருப்போடயா நடக்கிறது? கழட்டு அதை!" என்றார். வேலைக்காரன் சிவப்புத் தோலில் புதுச் செருப்பு ஒரு ஜோடி கொண்டுவந்தான். நான் கூச்சத்தோடு பழசைக் கழற்றினேன். "என் கையில கொடுய்யா, பரவாயில்ல" என்று வலது செருப்பைப் பிரபு தன் கையாலேயே வாங்கிக்கொண்டார். வேறொருவனாக இருந்தால் தொட்டிருப்பானா? வாங்கி உயரத் தூக்கிப் பிடித்து, "ஊற்றடித் தோட்டத்து ஓரேன் கொடுத்தது. எல்லாரும் பாத்துக்கிட்டீங்களா?" என்றார். பத்துப் பேரும் ஒரே குரலில், "பாத்தோம், பாத்தோம்" என்றார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் அன்பைத்தான் மெச்சுகிறார்கள் என்று நினைத்தேன். நடந்து வரும்போது தெருவே என் காலைப் பார்த்தது.

இனியாவது அவரைப் பற்றித் தாழ்வாக எழுதாதே.

ஓரேன்

*

பெத்சோரேக்,
அதே மாதம், இருபதாம் நாள்

அண்ணா! கழற்றிக் கொடுத்துவிட்டாயா? உன் கையாலேயே கொடுத்துவிட்டாயா?

ஹூர் உன் கடிதத்தைக் கொண்டுவந்த அதே காலையில் உன் பிரபுவின் காரியக்காரனும் வந்தான். உன் செருப்பைக் கோலின் முனையில் மாட்டிக்கொண்டு ஊர் வாசலுக்கு வந்தான். "ஓரேன் கழட்டிக் கொடுத்தாச்சு. பத்து மூப்பர் சாட்சி. மாசப்பிறப்பு அன்னிக்கு அளவுநூல் பிடிக்க வருவோம். அதுக்குள்ள காலி பண்ணிடும்மா" என்றான். வார் அறுந்த இடத்தில் நான் தைத்த தையல் அப்படியே இருக்கிறது. உன் செருப்பு இல்லை என்று எந்த வாயால் சொல்வேன்?

நிலத்தைக் கைமாற்றுகிறவன் பத்து மூப்பர் பார்க்கச் செருப்பைக் கழற்றி வாங்குகிறவன் கையில் கொடுப்பான். அதோடு அந்த மண்ணை மிதிக்கிற பாத்தியதை போயிற்று. இது இஸ்ரவேலில் குழந்தைக்கும் தெரியும். ஊர் வாசலில் அப்பா மடியில் உட்கார்ந்து எத்தனை தடவை இதை வேடிக்கை பார்த்திருக்கிறாய்! வாசலுக்குப் பதில் விருந்து வீடு, வாயில் கன்றுக்குட்டிக் கறி. அவ்வளவுதானே, உன் கண் கட்டிப்போயிற்று. யாமீனும் சோபாவும் இப்போதுதான் வாயைத் திறந்து அழுதார்கள். அவர்களையும் அவன் இப்படித்தான் ஏமாற்றியிருக்கிறான். வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லையாம்.

மூப்பர் சேபாவின் காலைப் பிடித்துக் கேட்டேன். "நீ கத்தி என்னம்மா ஆவப்போவுது? கழட்டினவனே வரணும். மாசப்பிறப்புக்கு முன்னால நம்ம வாசல்ல வெறுங்காலோட நிக்கணும். தெரியாமக் கழட்டினேன், ஏமாந்தேன்னு கர்த்தர் பேரால ஆணையிடணும். வரலேன்னா கொடுத்தது கொடுத்ததுதான்" என்றார்.

இன்னும் பத்து நாள். தலைமைக் கல்தச்சன் ஏமாந்த முட்டாள் என்று ஊர் முன்னால் நின்று சொல்ல உனக்கு வாய் வருமா? வராவிட்டால் சொல்லிவிடு. அம்மாவின் எலும்பைப் பொறுக்கிக்கொண்டு நான் கிளம்பவேண்டும்.

அத்தாராள்

*

எருசலேம்,
அதே மாதம், இருபத்துமூன்றாம் நாள்

அத்தாராளுக்கு.

இதை மூன்று தடவை எழுதி அழித்தேன்.

உன் கடிதத்தை வாசித்ததும் நேரே பிரபுவிடம் போனேன். தப்பு நடந்துவிட்டது, காரியக்காரன் தவறாகப் புரிந்துகொண்டான் என்றுதான் அப்போதும் நினைத்தேன். பார், எவ்வளவு மடையன் நான். விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்தார். கோபம்கூட இல்லை, சும்மா சிரித்தார். "ஓரேன், நான் கேட்டா கடலே கரையைக் கழட்டிக் கொடுக்கும். உன் தோட்டம் எம்மாத்திரம்? போய்யா, போய் என் பேரை வெட்டு. வேலையைப் போட்டுட்டு ஊருக்கு ஓடினா, உளி பிடிக்கிற அந்தக் கை உனக்கு இருக்காது" என்றார்.

திரும்பிச் சாரத்தில் ஏறினேன். பெயரில் பாதி வெட்டி முடித்திருந்தேன். மீதியை வெட்ட உளியை எடுத்தேன், வெட்டாமல் கீழே வைத்துவிட்டேன். கீழே பெலாயா வழக்கம் போலக் கத்திக்கொண்டிருந்தார். சட்டென்று நிறுத்திவிட்டு, ஏணியில் ஏறி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வயதானவருக்கு மூச்சு வாங்கியது.

"ஏன்யா அழற?" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. "மல்கியேலு பெருமையில ஏறினான். அவன் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நீயும் ஏறின. அவன் உச்சியில இருக்கான், நீ பாதியில இருக்க. பாதியில இருக்கிறவன் இறங்கிடலாம்யா" என்றார். பிறகு, "உன்னை மாதிரி இன்னும் எத்தனை பேரு?" என்று கேட்டார். யாமீனையும் சோபாவையும் சொன்னேன். "ரெண்டா? போய்த் தேடறேன்" என்று சொல்லி இறங்கிப் போய்விட்டார்.

எனக்குப் பயமாக இருக்கிறது, அத்தாராள். கை போனால் கல்தச்சன் பிணம்தான். ஊர் வாசலில் நின்று என் முட்டாள்தனத்தைச் சொல்வது அதைவிடப் பயமாக இருக்கிறது. நான் வருவேனா மாட்டேனா என்று இந்தக் கடிதத்தில் எழுத எனக்குத் தைரியமில்லை.

ஓரேன்

*

பெத்சோரேக்,
கோடைக்கனி மாதம், ஐந்தாம் நாள்

என் அண்ணா, என் ராஜா!

ராஜாவிடம் முறையிட யாமீனையும் சோபாவையும் கூட்டிக்கொண்டு நீ எருசலேமுக்குத் திரும்பிப் போய் நான்கு நாள்தான் ஆகிறது. எனக்கு நாற்பது வருஷம் போல இருக்கிறது. அன்று உன் முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை சொல்லமுடியாமல் அழுதுகொண்டே நின்றேன். அதை இப்போது எழுதுகிறேன்.

மாதப்பிறப்புக்கு முந்தின மத்தியானம் ஊர் வாசலில் நீ வந்து நின்றாயே, இரண்டு நாள் பாதையை வெறுங்காலோடு நடந்து! பாதம் முழுக்க முள்ளும் ரத்தமும். "நான் ஏமாந்தேன். அறிவு கெட்டதால இல்ல, பெருமை பிடிச்சதால ஏமாந்தேன். பெரிய மனுஷன் கை என் செருப்பைத் தொட்டுச்சுன்னு மயங்கிட்டேன். கர்த்தருடைய ஜீவன்மேல ஆணை, தோட்டத்தைக் கொடுக்கிறேன்னு என் வாய் சொல்லல, என் மனசு நினைக்கல" என்றாயே. யாராவது சிரித்தார்களா? ஒருவரும் சிரிக்கவில்லை. யாமீன் எழுந்து உன் பக்கத்தில் வந்து நின்றான். பிறகு சோபா வந்தான். அண்ணா, நீ தேரில் வந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்திருக்காது.

மூப்பர்கள் நம் பக்கம் சொல்லிவிட்டார்கள். "ஊர் மூப்பன் தீர்ப்பு எங்க பிரபுவைக் கட்டாது" என்று சொல்லிவிட்டு அந்தக் காரியக்காரன் போனான். முந்தாநாள் ஆறு ஈட்டிக்காரர்களோடு திரும்பி வந்துவிட்டான். தோட்டத்து வேலிக்கு வெளியே கூடாரம் போட்டிருக்கிறார்கள். ராஜாவிடம் உன் முறையீடு தோற்றால் உள்ளே நுழைவார்களாம். நானும் பெண்களும் காவல்கோபுரத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டோம். சின்னவள் கவண் வைத்திருக்கிறாள். நரியை அடிக்கிறவள், ஆளையும் அடிப்பாள்.

பழம் பழுத்துக்கொண்டே இருக்கிறது. ஒன்றையும் பறிக்கவிடமாட்டேன் என்கிறார்கள். நீங்கள் மூன்று பேரும் ராஜாவின் வாசலில் நிற்கிறீர்களா? உன் இரண்டு கையும் இருக்கிறதா? அதை மட்டுமாவது எழுது.

அத்தாராள்

*

எருசலேம்,
கோடைக்கனி மாதம், பதினோராம் நாள்

அத்தாராளே, பாடு! கோபுரத்தின் மேல் ஏறி நின்று பாடு! கை இரண்டும் இருக்கிறது, அந்தக் கையால்தான் எழுதுகிறேன்.

ஐந்து நாள் ராஜாவின் வாசலில் எங்களை ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அரண்மனைச் சாவி அவன் தோளில் இருக்கும்போது யார் எங்களை உள்ளே விடுவார்கள்? ஆறாம் நாள் காலையில் பள்ளத்தாக்குப் பக்கம் ஏதோ சத்தம் கேட்டது. பெலாயா வருகிறார், அவர் பின்னால் ஒரு கூட்டம். எண்பது தொண்ணூறு பேர் இருப்பார்கள். மலைநாட்டிலிருந்தும் சமவெளியிலிருந்தும் வந்தவர்கள், கிழவர்கள், விதவைகள். ஒவ்வொருவருக்கும் ஒரு காலில் செருப்பு இருக்கிறது, மற்றக் கால் வெறுங்கால். அவன் கொடுத்த புதுச் செருப்பையெல்லாம் வழியிலேயே எறிந்துவிட்டு, மிஞ்சிய பழைய ஒற்றைச் செருப்பை மாட்டிக்கொண்டு நொண்டி நொண்டி வருகிறார்கள். சிலர் சிரிக்கிறார்கள், சிலர் அழுகிறார்கள். சந்தையில் யாரும் வேலை பார்க்கவில்லை.

சத்தம் கேட்டு ராஜாவே வெளியே வந்து வாசலில் உட்கார்ந்தார். "இது என்ன நொண்டிக் கூட்டம்?" என்றார். பெலாயா, "ராஜாவே, இன்னொரு காலோட செருப்பு எங்க இருக்குன்னு உங்க விசாரிப்புக்காரனைக் கேளுங்க" என்றார்.

மல்கியேல் தேரில் வந்தான். இறங்கக்கூட இல்லை. "எல்லாம் முறைப்படி வாங்கினது ராஜாவே, ஒவ்வொண்ணுக்கும் பத்துச் சாட்சி" என்றான். ராஜா ஆள் அனுப்பினார். அவன் வீட்டிலிருந்து பெரிய கூடையைத் தூக்கிவந்து கொட்டினார்கள். குவியல் குவியலாக ஒற்றைச் செருப்பு! அம்மா, எத்தனை! விதவை செருப்பு, கிழவன் செருப்பு. ஒவ்வொருவராக வந்து தன் செருப்பை எடுத்துக் காலில் மாட்டிக் காட்டினார்கள். ராஜாவின் முகம் கறுத்துவிட்டது. சாட்சி சொன்ன பத்துப் பேரைக் கூப்பிட்டார். எல்லாக் கைமாற்றத்துக்கும் அதே பத்துப் பேர்தான். "நிலம்னு ஒரு வார்த்தை இவங்ககிட்டச் சொன்னானா?" என்று கேட்டார். ஒன்பது பேர் தரையைப் பார்த்தார்கள். பத்தாவது ஆள் விழுந்துவிட்டான். "சொல்லல ராஜாவே. விருந்துதான் போட்டான்" என்றான்.

"அந்தச் சாவியைக் கழட்டு" என்றார் ராஜா.

அங்கியைக் கழற்றினார்கள், கச்சையைக் கழற்றினார்கள். தேரிலிருந்து இறக்கினார்கள். எல்லைக்கு வெளியே, பெலிஸ்தர் தேசத்துக்கு நடந்தே போகவேண்டும், திரும்பி வந்தால் தலை இருக்காது என்று தீர்ப்பு. நிலமெல்லாம் அந்தந்தக் குடும்பத்துக்கே. நாங்கள் எழுப்பிய சத்தத்தில் மதில் ஆடியிருக்கும்! யாமீன் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினான். அழிப்பேன் என்று கர்த்தர் சொன்னார், அழித்தார். என் கண்ணால் பார்த்தேன்!

பெலாயாவின் காலில் விழப்போனேன். "எழுந்திருய்யா, எனக்கு இதெல்லாம் ஆகாது. கோவணம் கட்டத் தெரியாத வயசுல கர்த்தர் என்னைக் கூப்பிட்டாரு, கத்தினேன், அவ்வளவுதான்" என்றார்.

கல்லறை வேலை நின்றுவிட்டது. குடைந்த கல்லையெல்லாம் நகர மதிலின் உடைப்பை அடைக்க எடுக்கச் சொல்லிவிட்டார் ராஜா. அந்த வேலைக்கும் நான்தான் தலைமை. இதை நான் குதித்துக்கொண்டு எழுதவில்லை, கவனித்தாயா? ஒலிவம் பறிக்கும் மாதத்தில் வருவேன்.

ஓரேன்

*

பெத்சோரேக்,
திராட்சை அறுப்பின் நான்காம் நாள்

என் அண்ணனுக்கு, அத்தாராள். சமாதானம், சமாதானம்!

உன் கடிதத்துக்கு முந்தியே ராஜாவின் ஆள் வந்துவிட்டான். ஈட்டிக்காரர்கள் கூடாரத்தைச் சுருட்டுவதற்குள் சின்னவள் கவணால் ஒரு கல் விட்டுவிட்டாள். காரியக்காரனின் தண்ணீர்ப் பானை உடைந்தது. ஆலையில் பழம் மிதிக்கிறோம். ஊரே வந்திருக்கிறது. யாமீன் மிதிக்கிறான், சோபா பாடுகிறான், பாட்டு சகிக்கவில்லை. இத்தனை பழம் நம் தோட்டத்தில் ஒரு வருஷமும் காய்த்ததில்லை.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். மத்தியான வெயிலில் பெலிஸ்தர் தேசத்துப் பாதையில் இரண்டு சேவகர் ஒரு ஆளை நடத்திக்கொண்டு வந்தார்கள். கால் கொப்பளித்து, உதடு வெடித்துப்போயிருந்தது. போன அறுப்பில் தேரில் போகும்போது பார்த்திருக்கிறேன், அதனால் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. சேவகர்கள் ஊற்றில் தண்ணீர் குடிக்க உட்கார்ந்தார்கள். அவன் வேலி ஓரத்தில் நின்று உள்ளே பார்த்தான். பழத்தைப் பார்த்தான்.

என் பெரியவள் கம்பை எடுத்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன். அறுக்கும்போது உதிர்கிற பழத்தை நாம் பொறுக்கக்கூடாது, ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டுவிட வேண்டும் என்பது கர்த்தருடைய கட்டளையாயிற்றே. யாருக்கு என்று கட்டளையில் பேர் போட்டிருக்கவில்லை.

"உதிர்ந்து கிடக்கிறதை எடுத்துக்கலாம். கொடியில கை வைக்காதே" என்றேன்.

அண்ணா, அவன் குனிந்தான். முழங்காலைத் தரையில் ஊன்றி, மண்ணோடு மண்ணாகக் கிடந்த பழத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றான். மிதித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் ஆலையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். பாட்டு நின்றுவிட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்லமாட்டேன், நெஞ்சு கொள்ளாத சந்தோஷம். அவனுக்காக ஒரு குலைகூட நான் அறுத்துப் போடவில்லை. பொறுக்கினதைத் தடுக்கவும் இல்லை.

சேவகர்கள் கூப்பிட்டதும் எழுந்தான். கையைத் துடைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தான். ஊற்று, கோபுரம், ஆலை எல்லாவற்றையும் பார்த்தான்.

"நல்ல தோட்டமா இருக்கே. யாரோடதும்மா இது?" என்று கேட்டான்.

அவன் தெரியாமல்தான் கேட்டான், அண்ணா. விழுங்கினது எத்தனையோ, எது எங்கே இருக்கிறது என்றே அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஆலையில் இருக்கிறவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி உன் பெயரைச் சொன்னேன்.